வீட்டில் பேசுபவர்

மஞ்சக்குப்பம், கடலூர்
9.6.2024

அன்புள்ள தம்பி இளவரசுக்கு,

நான், ராஜவேல், சிந்துஜா மூவரும் இங்கே சுகம். உன் வயிற்றுவலி எப்படி இருக்கிறது? விடுதிச் சாப்பாட்டை விட்டாயா?

உன் ஆய்வேட்டின் இரண்டாம் இயலைத் தட்டச்சு செய்து முடித்துவிட்டேன். இத்துடன் இருக்கிறது. மிகாத இடங்களில் பதினெட்டு ஒற்றுகள் போட்டிருந்தாய். எடுத்துவிட்டேன். காதுகேளாதோர் பள்ளி விடுதியிலிருந்து நான் எழுதும் கடிதங்களைச் சிவப்பு மையில் திருத்தி எனக்கே திருப்பி அனுப்புவாய். உனக்கு அப்போது ஏழாம் வகுப்பு. "வேற்றுமை உருபு எங்கே?" என்று ஓரத்தில் எழுதியிருக்கும். கையால் பேசுகிறவளுக்கு உருபு எங்கிருந்து வரும்? இப்போது கடையில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை பார்ப்பது நான். கடைக்காரர் ஸ்ரீதர் அண்ணன் வருகிறவர்களிடம் என்னைக் காட்டிச் சொல்வார்: "இந்தப் பொண்ணு பாத்துடுச்சுன்னா அவ்ளோதான், கண்ண மூடிட்டு அச்சுக்குக் குடுக்கலாம்." உதட்டைப் பார்த்துப் படித்துக்கொள்வேன்.

வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். அதில் நீ "ம்" என்று அனுப்புவாய். தபாலில் "ம்" மட்டும் அனுப்ப முடியாது.

சிந்துஜாவுக்குப் பரிசோதனை முடிந்தது. என்னையும் ராஜவேலையும் போலத்தான். இரண்டு காதும் கேட்காது. காதுக்குள் கருவி வைக்கும் அறுவையை அரசுத் திட்டத்தில் செலவில்லாமல் செய்கிறார்கள். நானும் ராஜவேலும் மூன்று வாரம் கையாலேயே சண்டை போட்டோம். "நமக்கு என்ன கெட்டுப்போயிற்று?" என்பது அவர் கேள்வி. கடைசியில் ஒத்துக்கொண்டார். மருத்துவமனை சிதம்பரத்தில். உன் அறையிலிருந்து நடந்தே வரலாம்.

அறுவை ஒரு நாள் வேலை. பிறகு ஒரு வருடமாவது யாராவது வீட்டில் நாள் முழுதும் அவளோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு விழாத காதில் அது வெறும் கம்பி என்று பயிற்சி ஆசிரியை எழுதிக் காட்டினார்.

படிவம் முழுவதும் நிரப்பியாயிற்று. பதினான்காம் வரி மட்டும் காலி. "வீட்டில் குழந்தையோடு பேசுபவர்: பெயர், உறவு."

அப்பாவும் அம்மாவும் இல்லை. என் மாமியாரால் மங்கலம்பேட்டையை விட்டு நகர முடியாது. உன் பெயரை எழுதட்டுமா? ஒரு வருடம் இங்கே தங்கி மிச்சத்தை எழுது. எங்கள் வீட்டைப் போல அமைதியான வீடு கடலூரில் உனக்குக் கிடைக்காது. கடைசி நாள் ஆகஸ்ட் 30.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன் அக்கா,
வினோதினி


சிதம்பரம்
2.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வயிறு பரவாயில்லை. மாமாவை விசாரித்ததாகச் சொல். சிந்துவுக்கு முத்தம்.

ஒற்றுகளுக்கு நன்றி.

மூன்றாம் இயல் இத்துடன் வருகிறது. எண்பது பக்கம். ஆய்வின் மையம் இதுதான். நீ தட்டச்சு செய்யும் முன் சாரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மனித உடலை அறிவியலால் மேம்படுத்த வேண்டும் என்கிறவர்கள் ஒரு பக்கம். அவர்களுக்கு மனிதன் இன்னும் முடியாத வரைவு. நினைவைக் கூட்டலாம். முதுமையைத் தள்ளலாம். முடிந்தால் சாவையும். மறுபக்கம், கிடைத்த உடலைக் கொடை என்று ஏற்றுக்கொள்ளச் சொல்பவர்கள். இரண்டு பேரும் ஒரே கோட்டில் நின்றுதான் சண்டை போடுகிறார்கள். இதுவரை சிகிச்சை, இதற்கு மேல் மேம்பாடு என்கிற கோடு. என் கேள்வி அந்தக் கோட்டைப் பற்றியது. யார் போட்டது? ஓர் உடலை "இயல்பு" என்று முதலில் தேர்ந்தெடுக்கிறோம். மற்ற உடல்களை அதோடு ஒப்பிட்டு, விடுபடுவதற்குக் குறை என்று பெயர் வைக்கிறோம். காது கேளாமை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

நல்ல எடுத்துக்காட்டு. எழுதியதும் பேனா நின்றது. தவறாக எடுத்துக்கொள்ளாதே.

படிவத்தைப் பற்றி யோசிக்கிறேன். தன் உடலை மாற்றிக்கொள்ளும் உரிமை ஒருவருக்கு உண்டு என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு வயதுக் குழந்தையின் உடலை மாற்றும் உரிமை யாருக்கு? அவள் சம்மதம் எங்கே? இதை நீங்கள் இருவரும் யோசித்தீர்களா?

பதினான்காம் வரியைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இங்கே வெயில் குறையவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
இளவரசு


மஞ்சக்குப்பம், கடலூர்
21.7.2024

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

மூன்றாம் இயல் முடிந்தது. "குறை" என்ற சொல் அதில் 212 முறை வருகிறது. கணினி எண்ணிச் சொன்னது.

நீ கேட்ட சம்மதம். தை மாதம் காடாம்புலியூர்க் கோயிலில் சிந்துஜாவுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடி வேண்டும் என்று உன் மடியில்தான் உட்கார வைத்தோம். அவள் உதைத்து அழுதாள். அசையாமல் தலையைப் பிடித்துக்கொண்டது நீ. அவளிடம் எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. தோடு நன்றாக இருக்கிறது என்றாய்.

கோட்டைப் பற்றி நீ எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. கடையிலும் அப்படித்தான். தாளின் அளவு முதலில் வந்துவிடுகிறது. பெரிய குடும்பத்துப் பத்திரிகையில் பெயர்கள் ஓரத்தைத் தாண்டினால், பெயர்கள் அதிகம் என்கிறோம். தாள் சிறியது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் தாள்தான் சிறியது என்று தெரிந்த பிறகும் பத்திரிகையை அடித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. முகூர்த்தத் தேதி நமக்காக நிற்காது.

சில சந்தேகங்கள்.

பக்கம் 12: "பேரறிவு"க்குப் பிறகு காற்புள்ளியா, முற்றுப்புள்ளியா? பேனா கசிந்திருக்கிறது.

பக்கம் 29: "தன்னிலை", "தன்நிலை" இரண்டும் வருகின்றன. எது வேண்டும்?

பக்கம் 41: நீ எழுதியபடியே அடித்திருக்கிறேன். "காது கேளாத தட்டச்சாளர், பெண், வயது 32, கடலூர். ஆய்வாளருடன் நேர்காணல், 12.2.2024. அவர் கூறியது: 'என்னிடம் எதுவும் குறையவில்லை. என் மௌனம் நிறைந்த வீடு. அதன் கதவை உடைத்து உள்ளே வரும் கருவி எனக்கு வேண்டாம். என் குழந்தைக்கும் வேண்டாம்.'" இதில் தேதியைச் சரிபார். பிப்ரவரி 12 சிந்துஜாவுக்குக் காய்ச்சல். அன்று நான் யாரையும் பார்க்கவில்லை.

வாடிக்கையாளர் எழுதியதில் எழுத்துப் பிழையைத் தவிர வேறு எதையும் நான் தொடுவதில்லை.

பக்கத்து வீட்டு லோகநாயகி அம்மா, கருவாடு விற்பவர், நீ பார்த்திருக்கிறாய். நேற்றுக் கேட்டார்: "இன்னாடி, ஒந் தம்பி லெட்டரு வந்துச்சா? அவுரு யோசிச்சி முடிக்கறதுக்குள்ள ஒம் பொண்ணு வயசுக்கு வந்துடும்." சிரித்துவிட்டேன். பிறகு நாட்காட்டியைப் பார்த்தேன். ஆகஸ்ட் 30.

வயிற்றுக்கு மோர் குடி.

அக்கா,
வினோதினி


சிதம்பரம்
24.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. பத்து நாள் காய்ச்சல். இப்போது இல்லை. நீங்கள் மூவரும் நலம் என்று நம்புகிறேன்.

துறையில் மூன்றாம் இயலை வாசித்தேன். நன்றாக எடுத்துக்கொண்டார்கள். நெறியாளர் 41ஆம் பக்கத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார். "யோவ், யாருய்யா இந்த அம்மா? எண்பது பக்கத்துல நீ சொல்ல முடியாதத நாலு வரியில சொல்லிட்டாங்க. இவுங்க பேச்சுதான்யா ஒன் தீசிஸ்" என்றார். நான் சிரித்தேன். என்ன செய்வதென்று தெரியாத சிரிப்பு.

அந்தப் பகுதி பல பேரின் அனுபவங்களைத் திரட்டி எழுதியது. ஆய்வில் அப்படிச் செய்வதுண்டு. பெயர் எதுவும் இல்லை. தேதியை மாற்ற வேண்டாம்.

பக்கம் 12 காற்புள்ளி. பக்கம் 29 தன்னிலை.

அடுத்த வாரம் விரிவாக எழுதுகிறேன்.

தம்பி,
இளவரசு


மஞ்சக்குப்பம், கடலூர்
29.8.2024

தம்பிக்கு,

சுகம்.

காற்புள்ளி போட்டுவிட்டேன். தன்னிலை எல்லா இடத்திலும் மாற்றிவிட்டேன். தேதியை மாற்றவில்லை.

படிவத்தை இன்று காலை கொடுத்துவிட்டோம். பதினான்காம் வரியும் எழுதியாயிற்று.

காய்ச்சலுக்குப் பிறகு குளிர்ந்த தண்ணீரில் குளிக்காதே.

அக்கா,
வினோதினி


சிதம்பரம்
4.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பீர்கள்.

உன் கடிதத்தை மூன்று நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். பதினான்காம் வரி எழுதியாயிற்று என்று மட்டும் எழுதியிருக்கிறாய். யார் பெயர் என்று எழுதவில்லை. எழுதத் தேவையில்லை என்று நினைத்தாய் போல.

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு ஆய்வைச் சமர்ப்பிக்க வேண்டும். உதவித்தொகை அதோடு முடிகிறது. ஒரு வருடம் கடலூரில் உட்கார்ந்து குழந்தையிடம் "இது பால், இது பூனை" என்று சொல்லிக்கொண்டிருக்க என்னால் முடியுமா என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. அதற்குள் அரசாங்கத்தின் தாளில் என் பெயர்.

இன்னொன்று. கருவி வேண்டாம் என்று வாதிடும் ஓர் ஆய்வு. அதே கருவிக்கான படிவத்தில் அதே ஆய்வாளன். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு கணம் யோசித்தாயா?

கோபத்தில் எழுதவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒருவரைக் கேட்காமல் அவர் பெயரில் ஒரு வாக்கை எழுதிக் கொடுப்பது, எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும், அவரைக் களவாடுவது.

மாமாவுக்கு என் அன்பு.

இளவரசு


மஞ்சக்குப்பம், கடலூர்
12.9.2024

தம்பிக்கு,

உன் கடிதத்தின் கடைசி வாக்கியத்தைத் தட்டச்சு செய்து தனித்தாளில் இணைத்திருக்கிறேன்:

"ஒருவரைக் கேட்காமல் அவர் பெயரில் ஒரு வாக்கை எழுதிக் கொடுப்பது, எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும், அவரைக் களவாடுவது."

பிழை எதுவும் இல்லை. இதை 41ஆம் பக்கத்தில் மேலே சேர்ப்பதா, கீழே சேர்ப்பதா என்று தெரிவிக்கவும்.

படிவத்தில் எழுதியது லோகநாயகி அம்மாவின் பெயர். உறவு என்ற இடத்தில் "பக்கத்து வீடு". கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, நான் எழுதிய துண்டுத்தாளை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு என் முகத்துக்கு நேராக நின்று, வாயை நன்றாகத் திறந்து பேசினார்.

"நா எட்டாவது பெயிலும்மா. எம் பேரப் போட்டா கவுருமெண்டுல ஒத்துக்குவாங்களா?"

தெரியவில்லை என்று கை விரித்தேன்.

"பேச்சு மட்டுந்தான் எங்கிட்ட ஜாஸ்தி. எங்க வூட்டுக்காரரு முப்பது வருசம் காதுல வாங்காமயே இருந்துட்டுப் போய்ச் சேந்தாரு. கேக்காத ஆளுகிட்ட பேசறது எனக்கு இன்னா புதுசா? எழுதிக்க."

அவர் கையெழுத்துப் போட்டார். மை சரியாகப் பிடிக்கவில்லை என்று மேலே இன்னொரு முறை போட்டார்.

மருத்துவமனைக் குழுவினர், உறவினர் யாரும் இல்லையா என்று எங்களோடு வந்திருந்த ஸ்ரீதர் அண்ணனிடம் கேட்டார்கள். தான் பதில் சொல்வதற்குள் லோகநாயகி அம்மா முந்திக்கொண்டார் என்று அண்ணன் பிறகு சொன்னார். அம்மா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஏற்றுக்கொண்டார்கள்.

அறுவை அக்டோபர் 23. புதன்கிழமை. காலை எட்டு மணி. வரவேண்டும் என்று இல்லை. தெரிவிக்கிறேன்.

வினோதினி


சிதம்பரம்
27.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தேன். கிழித்த தாள்கள் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன.

அறுவை அன்று வந்தேன். மருத்துவமனைக்கு எதிரே டீக்கடையில் ஏழரையிலிருந்து பதினொன்று வரை நின்றேன். ஐந்து டீ. மாமா வெளியே வந்து யாரையோ தேடுவது போலத் தெருவைப் பார்த்தார். தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். உன்னை எதிர்கொள்ளும் வெட்கத்தைவிட, அங்கே எல்லோர் முன்னாலும் கையால் பேச வேண்டியிருக்கும் என்கிற வெட்கம் முதலில் வந்தது. அதை அந்தத் தூணுக்குப் பின்னால்தான் கண்டுபிடித்தேன். இருபத்தொன்பது வயதில்.

உன் கைகளின் மொழியைப் பற்றிப் பதினோரு பக்கம் எழுதியிருக்கிறேன். நீயே தட்டச்சு செய்தாய். வெளியிடங்களில் உன்னோடு நிற்கும்போது என் கைகள் எங்கே இருக்கும் என்று அதில் இல்லை. சட்டைப்பையில் இருக்கும். வீட்டுக்குள் மட்டும்தான் நான் உனக்குத் தம்பி.

பிப்ரவரி 12 நேர்காணல் நடக்கவில்லை. பல பேரின் அனுபவம் என்று எழுதியதும் பொய். யாரையும் பார்க்கவில்லை. அறையில் உட்கார்ந்து ஒரு மதியத்தில் எழுதினேன். எழுதி முடித்ததும் சந்தோஷமாக இருந்தது. அந்த வாக்கியங்கள் உனக்குப் பொருத்தமாக இருக்கின்றன என்று நினைத்தேன். உன் கடிதங்களில் அப்படி ஒரு வாக்கியமும் கிடையாது. நீ ஒற்றைப் பற்றி எழுதுவாய். மோரைப் பற்றி எழுதுவாய். "மௌனம் நிறைந்த வீடு" என்று எழுத மாட்டாய்.

மனிதரை மேம்படுத்துவதற்கு எதிராக எண்பது பக்கம். அதன் நடுவில் உன்னை மேம்படுத்தி வைத்திருக்கிறேன். எனக்கு வேண்டிய தைரியத்தோடு, எனக்கு வேண்டிய சொற்களோடு ஓர் அக்கா. இருக்கிற அக்கா என் வாதத்துக்குப் போதவில்லை. சிவப்பு மையை விட்டுவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.

இன்னும் ஒன்று. பி.ஏ. முதல் ஆண்டு. நீ சாப்பாட்டு டப்பாவோடு கடலூர் பஸ்ஸிலிருந்து இறங்கினாய். நான் நண்பர்களோடு நின்றிருந்தேன். நீ குரல் கொடுத்துக் கூப்பிட்டாய். பேருந்து நிலையமே திரும்பிப் பார்த்தது. நான் திரும்பவில்லை. ஒருவன் கேட்டான்: "மச்சான், அந்தப் பொண்ணு ஒன்னயா கூப்புடுது?" தெரியாது என்றேன். பிறகு டப்பாவை விடுதிக் காவலாளி கொண்டுவந்து கொடுத்தார். நீ என்னைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பிவிட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று சாப்பிட்டேன். எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

உண்மையில் 41ஆம் பக்கத்தில் நீ என்ன சொல்வாய்? கேட்கத் தகுதி இல்லை. கேட்கிறேன்.

மழை வரும் என்கிறார்கள். பத்திரம்.

இளவரசு


மஞ்சக்குப்பம், கடலூர்
22.12.2024

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் பிழைத்துக் கிடக்கிறோம். புயலும் வெள்ளமும் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் உன் கடிதம் வந்தது. ஓரம் நனைந்திருந்தது. கடைக்குள் முழங்கால் வரை தண்ணீர். வீட்டில் இல்லை. சிந்துஜாவின் காதில் மாட்டும் வெளிக்கருவியை ஈரம் படாமல் அரிசி டப்பாவுக்குள் வைத்துக் காப்பாற்றினோம்.

நவம்பர் 15 கருவியை முதல் முறையாக இயக்கினார்கள். லோகநாயகி அம்மாதான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சிந்துஜா அழுதாள். அது நல்லது என்றார்கள். பிறகு ராஜவேல் அழுதார். அது என்ன என்று யாரும் சொல்லவில்லை. இப்போது சத்தம் வரும் பக்கம் அவள் தலை திரும்புகிறது. மழை, குக்கர், நாய். லோகநாயகி அம்மா காலையில் கருவாடு விற்றுவிட்டுப் பத்து மணிக்கு வந்து உட்காருகிறார். எல்லாவற்றையும் அவளிடம் சொல்கிறார் போல. ஆசிரியை எழுதிக் காட்டினார்: "பாட்டி கெட்ட வார்த்தையை மட்டும் கொஞ்சம் குறைக்கட்டும்."

நீ கேட்டதற்குப் பதில். எனக்கு அந்தக் கருவி வேண்டாம். கொடுத்தாலும் வேண்டாம். அவளுக்கு வேண்டும். இரண்டையும் சொல்வது நான்தான். எனக்கு எதுவும் குறையவில்லை என்று சில நாள் தோன்றும். பின்னால் வரும் லாரி தெரியாமல் பஸ்ஸிலிருந்து இறங்கிய நாளில் அப்படித் தோன்றாது. நாள் பார்த்து மாறும். இதை ஆய்வில் போடாதே. உனக்குச் சொன்னேன், அவ்வளவுதான்.

பேருந்து நிலையத்தில் நீ வேண்டுமென்றே திரும்பவில்லை என்று எனக்கு அன்றே தெரியும். உன் கழுத்து விறைத்ததைப் பார்த்தேன். கேட்காதவர்களின் கழுத்து அப்படி இருக்காது. அதற்குப் பிறகு வெளியில் நான் குரல் எடுத்ததில்லை. ராஜவேலையும் சேர்த்து இந்த வீட்டில் என் குரல் யாருக்கும் தேவைப்படவில்லை. மறந்தே போனேன்.

இப்போது தேவைப்படுகிறது. லோகநாயகி அம்மா பேசினால் போதாது, நானும் பேச வேண்டும், பெற்றவளின் குரல் அவளுக்கு முதலில் பழக வேண்டும் என்று ஆசிரியை சொல்கிறார். மூன்று வாரமாகத் தள்ளிப்போடுகிறேன். நேற்று அவள் பின்னால் போய் நின்று வாயைத் திறந்தேன். மூடிவிட்டேன்.

என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பள்ளியில் தொண்டையில் கை வைத்துப் பழக்கினார்கள். அதிர்வு தெரியும். மற்றது தெரியாது. ஸ்ரீதர் அண்ணனிடம் கேட்க முடியாது, அவர் முதலாளி. லோகநாயகி அம்மாவிடம் கேட்டேன். "தங்கமாட்டம் இருக்குது" என்றார். அவர் பொய் சொல்கிறார் என்று உதட்டிலேயே தெரிந்தது.

நீ அதைக் கேட்டு வெட்கப்பட்டவன். அதனால் உனக்குத்தான் சரியாகத் தெரியும். என் மகள் என்ன கேட்கப்போகிறாள் என்று நான் முன்னாலேயே தெரிந்துகொள்ள வேண்டும். எழுது. திருத்தாமல் எழுது.

கொதிக்க வைத்த தண்ணீர் குடி.

அக்கா,
வினோதினி


சிதம்பரம்
5.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் நால்வரும் சுகமாக இருக்க வேண்டும். லோகநாயகி அம்மாவையும் சேர்த்தே எண்ணினேன்.

நெறியாளரிடம் 41ஆம் பக்கத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். நேர்காணல் நடக்கவில்லை என்பதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அத எடுத்துட்டா மிச்சம் இன்னாய்யா இருக்கு?" என்றார். தெரியாது என்றேன். மூன்றாம் இயலை முதலிலிருந்து எழுத வேண்டும். ஆறு மாதம் ஆகலாம். உன் பதிலை அதில் சேர்க்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லோகநாயகி அம்மாவுக்குச் சந்தை உண்டு அல்லவா? அன்று காலை வந்து மாலை திரும்பட்டுமா? வேண்டாம் என்றால் வரமாட்டேன்.

இனி நீ கேட்டது.

உன் குரல் உரத்தது. நீ நினைப்பதைவிட. கனமாக இருக்கும். பாதி மூக்கு வழியாக வரும். ஏற்ற இறக்கம் இருக்காது. கேள்வியும் பதிலும் ஒரே மாதிரி முடியும். கேட்பவர்களுக்கு நீ கோபமாக இருப்பது போலத் தோன்றும், கோபம் இல்லாதபோதும். "ச" உனக்கு வராது. "ஜா" வராது. நீ கூப்பிட்டால் சிந்துஜா என்ற பெயர் "இந்துஆ" என்று விழும். நடுவில் நீளும். கடைசியில் மூச்சுத் தீர்ந்தது போலச் சட்டென்று நிற்கும். சிரிக்கும்போது மட்டும் குரல் மேலே ஏறி உடையும். தெருவில் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள். சிலர் சிரிப்பார்கள். சின்னப் பிள்ளைகள் அப்படியே பேசிக் காட்டுவார்கள். நானும் பேசிக் காட்டியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்பில், கைதட்டலுக்காக.

சிந்துவுக்கு இது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு ஒப்பிட்டுப் பார்க்க லோகநாயகி அம்மாவின் குரல் மட்டும்தான் இருக்கிறது. பெரியவளானதும் அவளும் வெட்கப்படலாம். படாமல் இருக்கலாம். எதையும் நான் உறுதி சொல்ல முடியாது.

இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இந்த இடத்தில் கடிதத்தை முடிக்க ஒரு வாக்கியம் வந்து நிற்கிறது. உன் குரலைப் பற்றியது. நன்றாக இருக்கிறது. நெறியாளர் இரண்டு முறை படிக்கச் சொல்வார். அதை எழுதவில்லை.

தம்பி,
இளவரசு